ஒரு கார்டுக்கு ஒரு சீட்டு

பள்ளிக்கூட ஆபீஸில் சக்கரபாணி மிசே மையொற்றுத்தாளை எடுத்து ரஞ்சிதத்தின் அப்பா காசிலிங்கத்தின் கையெழுத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற ரஞ்சிதத்துக்கு, அவர் அந்தத் தாளை எடுப்பதற்குள் அப்பாவுக்கு மனசு மாறிவிடுமோ என்று பயம். மாறவில்லை. ராத்திரி ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து நேராக வந்திருந்தார். புருவத்திலும் காதோர மயிரிலும் பஞ்சு ஒட்டிக் கிடந்தது. நின்றபடியே தூங்கிவிடுவார் போல இருந்தார்.

"நல்லாத்தானே படிக்குது? சேர்ந்து ஒன்றரை மாசம்கூட ஆவல, அதுக்குள்ள டீசியா?" என்றார். குமாஸ்தா ஐயாவை அங்கே பிரஞ்சு வழக்கப்படி மிசே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"புள்ளைக்கு இங்க புடிக்கலீங்க மிசே. பக்கத்துல உக்கார்றதுங்க சிரிக்குதாம். அடுத்த வருஷம் எங்க பக்கத்துல எங்கியாச்சும் சேத்துக்கறேன்."

உண்மையில் அவளைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. பக்கத்தில் உட்காரும் பெண் நேற்றுகூடப் பாதிக் கொய்யாப் பழத்தைக் கடித்துக் கொடுத்திருந்தாள். ரஞ்சிதம் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிசே கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நாளைக்கே உன் எடத்துல வேற பொண்ணு வந்து உக்காந்துடும். தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையாட்டினாள். அதற்காகத்தானே இவ்வளவும். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று கொஞ்சம் நகர்ந்து கொடுத்த மாதிரி இருந்தது.

ரஞ்சிதத்தின் வீடு முத்தியால்பேட்டைக்கு வடக்கே பாண்டிச்சேரி எல்லையைத் தாண்டி இருந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு என்பதால், அப்பா வேலை முடிந்து வரும்போதெல்லாம் செக்போஸ்ட்டில் சோற்றுத் தூக்கைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். வேலை பாண்டிச்சேரியில், வீடு அந்தாண்ட. கடற்கரையோரத்துப் பெரிய பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையதுதான் என்றாலும், ஆறாம் வகுப்புக்குப் பரீட்சை வைத்து நாற்பது பெண்களைத்தான் எடுத்தார்கள். அதிலும் பாண்டிச்சேரி ரேஷன் கார்டு இருக்க வேண்டும். அம்மாவின் தம்பி சுப்பராயன் மாமா நெல்லித்தோப்பில் இருந்தார். அதே மில்லில் தறி ஓட்டுகிறவர். "எம் பொண்ணோட இதுவும் போவட்டும்" என்று தன் ரேஷன் கார்டில் ரஞ்சிதத்தின் பேரை ஏற்றினார். மார்ச் மாதத்திலிருந்து அவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். மாமா மகள் அஞ்சலாட்சிக்கும் அவளுக்கும் ஒரே வயசு. ஒரே பாய், ஒரே புத்தகம். பக்கத்தைத் திருப்பும்போது யார் முதலில் படித்து முடித்தார்களோ அவர்கள் காத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

இரண்டு பேருமே நாற்பதுக்குள் வந்துவிட்டார்கள். ரஞ்சிதம் எண்பத்தொன்று, அஞ்சலாட்சி எழுபத்தெட்டு. மாமா வெல்லம் வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். நேர்முகத்துக்குப் போனபோதுதான் பெரிய டீச்சர் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஒரு கார்டுக்கு ஒரு சீட்டுதான். போன வருஷம் ஒரே வீட்டுலருந்து மூணு பொண்ணுங்க வந்துட்டாங்க. கூலிக்காரங்க புள்ளைங்களுக்கு எடமில்லாம போச்சு. அதுக்குத்தான் இந்த வருஷம் இப்படி வச்சிருக்கோம். நியாயந்தானே?"

மாமா கூலிக்காரர். நியாயம்தான் என்று தலையாட்டினார். "அப்ப எந்தப் பொண்ணு?" என்று பெரிய டீச்சர் கேட்டாள். மாமா இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "மார்க்கு அதிகம் வாங்குனவ" என்றார். அஞ்சலாட்சியின் பேரில் சிவப்பு மையால் ஒரு கோடு விழுந்தது. தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்தார்கள். அங்கே எட்டாவதோடு சரி.

அதற்குப் பிறகு நெல்லித்தோப்புக் குழாயடியில் வேறு பேச்சே இல்லை. மார்க்கு பெரிசா, சொந்த மண்ணு பெரிசா என்று பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். தணிகாசலம், மாமாவோடு தறி ஓட்டுகிறவர். அவர் வாசலில் வந்து நின்றே கேட்டுவிட்டார்.

"எல்லைக்கு அந்தாண்ட இருக்கிற பொண்ணுக்கு நம்ம ஊரு சீட்டை ஏன்யா தூக்கிக் குடுத்த?"

"அவங்கப்பன் இந்த ஊரு மில்லுலதான்யா நூல் சுத்தறான். அவன் ஒடம்பு மட்டும் இந்த ஊருக்கு வோணும், அவன் பொண்ணு வாணாமா?"

"பேசறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஒம் பொண்ணு மூஞ்சியப் பாத்துப் பேசு."

பச்சையம்மாள் அத்தை புருஷனிடம் சண்டை போடவில்லை. சோறு போடும்போது மட்டும், "மூணு மார்க்கு மகராணி, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்பாள். அஞ்சலாட்சி, "சும்மா இரும்மா" என்பாள். ரஞ்சிதத்துக்கு அத்தையின் வார்த்தையைவிட அந்த "சும்மா இரும்மா"தான் அதிகமாக உறுத்தியது.

ஏனென்றால் அந்த மூன்று மார்க்கு எப்படி வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். பரீட்சைக்குப் போகும் வழியில் அஞ்சலாட்சி கேட்டாள், "ஏய், ஒரு கொழா ரொப்புது, ஒரு கொழா காலி பண்ணுது, தொட்டி எப்ப ரொம்பும்னு ஒரு கணக்கு இருக்குதே, அது எப்பிடிடீ?" ரஞ்சிதத்துக்குத் தெரியும். முந்தின நாள்தான் பிடிபட்டிருந்தது. நடந்துகொண்டே இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் வராதுடீ" என்றாள். வந்தது. ஐந்து மார்க்கு. அஞ்சலாட்சி அந்தக் கணக்கை விட்டுவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டாள். அஞ்சலாட்சியை முந்த வேண்டும் என்று நினைத்ததாக நினைவில்லை. கையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளத் தோன்றியது, அவ்வளவுதான். மாமா மார்க்கைப் பார்த்து நியாயம் பேசியபோது, அந்த நியாயத்துக்குள் இது இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. வாய் திறந்து பேசுகிற பெண் இல்லை அவள். தினமும் காலையில் பிரஞ்சு வகுப்பில் "ப்ரெஸான்" என்று ஆஜர் சொல்வதற்குள்ளேயே அவளுக்கு வியர்த்துவிடும்.

கார்டுக்கு ஒரு சீட்டு. அப்படியானால் சீட்டு கார்டோடது. தான் இறங்கிக்கொண்டால் அது கார்டிலேயே நிற்கும், அடுத்த பேருக்குப் போகும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது இது அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் இவ்வளவு எளிதா என்று இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அப்பாவிடம் மட்டும் பிடிக்கவில்லை என்று அழுதாள். அழுகை பொய்யில்லை.

அப்பா கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே டீசியை மாமாவிடம் நீட்டினாள். "அஞ்சலாட்சி போவட்டும் மாமா. நான் வுட்டுட்டேன்."

மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரைக் கேட்டு இதைப் பண்ணுன?"

அத்தை அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது. ரஞ்சிதத்தின் முகத்தைப் படித்தாள். பிறகு உள்ளே போய் ஒரு முட்டையை உடைத்துப் பொரித்து அவள் தட்டில் வைத்தாள். "தின்னு. நான் வாயி கெட்டவ. நீ மனசுல வச்சிக்காத கண்ணு." கணக்கு விஷயத்தை இப்போது சொல்லிவிடலாம் என்று ரஞ்சிதம் வாயைத் திறந்தாள். அத்தை அதில் ஒரு வாய் ஊட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் ரஞ்சிதத்தின் பள்ளிக்கூட நீலப் பாவாடையையும் வெள்ளைச் சட்டையையும் அஞ்சலாட்சிக்குப் போட்டுவிட்டார்கள். அவள் ரஞ்சிதத்தைவிட ஒரு சாண் உயரம். பாவாடை முட்டிக்கு மேலே நின்றது. "வளரட்டும்னு வாங்காம குட்டச்சி அளவுக்கு எடுத்திருக்கு பாரு" என்று அஞ்சலாட்சி சிரித்தாள். நான்கு பேருமாக நடந்தே போனார்கள்.

ஜன்னலில் சக்கரபாணி மிசே மாமா சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சீட்டு கார்டோடது இல்லைங்க, பள்ளிக்கூடத்தோடது. இந்தப் பொண்ணு பேரை அன்னிக்கே அடிச்சாச்சு. காத்திருக்கிற பட்டியல்ல மொதப் பேரு யாரோ அதுக்குத்தான் போவும். நேத்தே ஆள் அனுப்பிட்டோம்."

"அப்ப இவளையே திரும்ப..."

"டீசி குடுத்தாச்சே. நான் கேட்டனே, வேற பொண்ணு வந்துடும்னு. இதுதான் தலையாட்டுச்சு."

"எங்கூட்டுல ரெண்டு படிச்ச பொண்ணு இருக்கு, ரெண்டும் வெளியில நிக்குது. இது நியாயமா மிசே?"

"அன்னிக்கு நியாயம்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார் மிசே. குத்தலாகச் சொல்லவில்லை. கழற்றிய கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அப்போது பின்னால் யாரோ, "இதுங்களா ஆபீஸ் ரூமு?" என்று கேட்டார்கள். அரியாங்குப்பத்திலிருந்து வந்திருந்த மீன்காரம்மா. கூடையை வெளியே கேட்டோரம் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தாள், முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து வாசனை போகவில்லை. பக்கத்தில் ஒரு பெண், எண்ணெய் வழிய வாரிய தலையோடு, பள்ளிக்கூடத்துத் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் பேரு சின்னப்பாப்பாங்க, எம் பொண்ணுக்கு எடம் வந்திருக்குன்னு சொன்னாங்க."

அத்தை சண்டைக்கு இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டாள். நகர்ந்து வழி விட்டாள்.

வெளியே வந்ததும் மாமா முன்னால் நடந்தார். ரஞ்சிதம் எல்லோருக்கும் பின்னால் வந்தாள். யாராவது அடித்தால் தேவலை என்று இருந்தது. இப்போது சொன்னால் அடிப்பார்கள். "அத்தை" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. கடல் பக்கமிருந்து காற்று மண்ணை வாரி அடித்தது.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. தெருமுனை திரும்பி நாலைந்து பெண்கள் பையை அணைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அதில் ஒருத்தி, நீலப் பாவாடையைப் பார்த்துவிட்டு, அஞ்சலாட்சியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய் நெட்டச்சி, எங்க எதிர்ப்பக்கமா போற? கேட்டை மூடிடுவாங்க, ஓடுடீ!"

அஞ்சலாட்சி ஓடினாள். காற்றில் தூக்கிய பாவாடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவில், அவர்களைவிட வேகமாக. மாமா நின்றார். அத்தை நின்றாள். கேட்டில் இருந்தவர் ஒரு கதவைச் சாத்திவிட்டு, மறு கதவைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம், சீக்கிரம் என்று அவளைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்.