நல்ல தண்ணி

"மீன் தொட்டியில தண்ணி கோட்டுக்குக் கீழ எறங்குனா நல்ல தண்ணிய மட்டும் ஊத்துங்க மாமா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் கரோலின் அரக்கோணத்துக்கு, அம்மா வீட்டுக்கு வண்டி ஏறினாள். ஆம்பூரில் நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணி, கேனில் வருவது. போர் தண்ணி உப்புக் கரிக்கும்.

அவள் மாமனார் ஏசுராஜுக்கு அங்கேதான் இடித்தது. கடல் மீனுக்குக் குடிக்கிற தண்ணியாம்! கேன்காரன் மருமகளை நன்றாக ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டினார். தோல் மண்டியில் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டே வயசைக் கழித்தவர். உப்பு கம்மியானால் எதுவும் நாறிப் போகும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

தொட்டி, மகன் ஜெஸ்டன் வைத்தது. பள்ளிகொண்டா பக்கம் லாரி மோதி அவன் போய், இன்னும் வருஷம் திரும்பவில்லை. தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு மீன். பிளென்னி என்று பேர். நீந்துவது கம்மி. கல்மேல் கை ஊன்றின மாதிரி உட்கார்ந்து, ஒரு கண்ணை இங்கேயும் ஒரு கண்ணை அங்கேயும் சுழற்றி ஆளை எடை போடும். "அப்படியே உங்க மொறைப்புப்பா" என்று ஜெஸ்டன் சிரிப்பான்.

இப்போது கரோலின் வேலூர் ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து வந்ததும் அதன் முன்னால்தான் உட்காருவாள். அது இருக்கிற மட்டும்தான் அவள் இந்த வீட்டில் இருப்பாள் என்று ஏசுராஜ் நினைத்தார். குழந்தை குட்டி இல்லை. வேறு எது அவளைப் பிடித்து வைக்கும்?

தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியது. போர் தண்ணியை நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார்.

மீன் வெளுத்தது. பாசி சுரண்டுவதை நிறுத்திக் கல் இடுக்கில் ஒண்டி, வாயைத் திறந்து திறந்து மூடியது. பயந்து போய் போன் போட்டார்.

"இன்னா தண்ணி ஊத்துனீங்க?"

"போர் தண்ணி."

"ஐயோ மாமா! தொட்டியில வத்துறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே இருக்கும். அதுக்குத்தான் நல்ல தண்ணி. நம்ம போர்ல வர்றது இன்னா கடலா? தோல் கழுவி விட்டு மண்ணுல எறங்குன தண்ணி!"

அவள் வந்து சேர்வதற்குள் மீன் செத்திருந்தது. கல்லோரம் சாய்ந்து, கண் திறந்தபடி கிடந்தது. கரோலின் தோள் பையைக்கூட இறக்காமல் நின்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நீ போய்டுவியோன்னுதான் பயம்" என்றார். "இதுவும் போச்சு. உனக்கு இனிமே இங்க இன்னா இருக்கு?"

"தெரியல மாமா."

மீனை வலையில் எடுத்து, ஜெஸ்டனின் கைக்குட்டையில் சுற்றினாள். ஏசுராஜ் தொட்டி மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கப் போனார்.

"அத ஏன் புடுங்குறீங்க? கல்லுலயும் சின்னச் சின்ன உசுரு இருக்கு." பையை இறக்கி வைத்தாள். "பாதித் தண்ணிய எறைக்கணும். பக்கெட் கொண்டாங்க. நான் உப்பு கலக்குறேன்."

அவர் பக்கெட்டை எடுத்தார். கேனைச் சாய்த்து, நல்ல தண்ணியில் அதைக் கழுவிக்கொண்டு வந்தார்.