ஆமென் சொல்லாத மாதம்

எங்கள் பள்ளிக்கூடம் காலை ஜெபம் ஆமெனில் முடிந்ததும் தரையை விட்டு எழும்பும். மாலை ஜெபத்தில் ஆமென் சொன்னதும் இறங்கிவிடும். ஆரோன்குளம் தொடக்கப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பஸ் தாமதமாகி, பள்ளி எழும்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். தலைமையாசிரியை நேசமலர் டீச்சர் வாசலிலிருந்து ஏணியை இறக்கிவிட்டு, “நாளைலருந்து முந்தின பஸ்ல வாங்க சார்” என்றார். பிந்தி வந்தது நான்தானே, ஏறிக்கொண்டேன்.

சாதாரண நாட்களில் முழங்கால் உயரம் எழும்பும். பிள்ளைகள் எல்லாரும் மனம் ஒத்துப் பாடினால் இடுப்பு உயரம்கூடப் போகும். யாராவது இருவருக்குள் மனத்தாங்கல் இருந்தால் அவர்கள் நிற்கிற பக்கம் தரையை விடாது. கட்டடம் சாயும், சாக்பீஸ் உருளும், சத்துணவு சாம்பார் வாளி தானாக நகரும். அதனால் பாட்டுக்கும் வேத வாசிப்புக்கும் நடுவே சமாதானம் செய்துகொள்ளக் கொஞ்சம் நேரம் விடுவோம். பிள்ளைகள் அங்குமிங்கும் ஓடி, ரப்பரை எடுத்தது நான்தான், கொய்யாக்காயைக் கடித்தது நான்தான் என்று சொல்லிக் கைகொடுத்துவிட்டுத் திரும்பவும் வரிசையில் வந்து நிற்பார்கள். பெரியவர்களுக்கு அந்த நேரம் கிடையாது. பெரியவர்கள்தான் ஜெபத்தை நடத்துகிறார்களே.

பள்ளி நிற்கும் இடம் குளத்து மறுகால் ஓடை. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் அங்கேதான் நிலம் சும்மா கிடைத்தது என்று கட்டிவிட்டார்கள். கார்த்திகையில் மறுகால் பாயத் தொடங்கியதும் நாங்கள் ஒரு மாதம் போல மாலை ஜெபத்தை ஆமென் சொல்லாமல் நிறுத்திவிடுவோம். பள்ளி இறங்காமல் அப்படியே நிற்கும், தண்ணீர் அடியில் போய்க்கொண்டிருக்கும். கரையிலிருந்து வாசலுக்கு ஒரு பனந்தடியைப் போட்டுப் பிள்ளைகளை ஏற்றுவோம். அந்த மாதம் முழுக்கப் பிள்ளைகள் ஆமெனை வாயிலேயே வைத்துக்கொண்டு வீட்டில் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். பெற்றோர் யாரும் குறை சொன்னதில்லை.

இந்த வருஷம் வினை கோயில் அசனத்தில் தொடங்கியது. அசனம் என்றால் ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒரே கறிக்குழம்பைச் சாப்பிடுகிற விருந்து. நேசமலர் டீச்சர் வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தார். எனக்கு முந்தின இலை அவருடைய அண்ணன் மகனுடையது. அதில் கறியாக விழுந்தது. என் இலையில் ஒரு உருளைக்கிழங்கு விழுந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆறு வருஷமாக ஒரே கூரையின் கீழ் எழும்பி இறங்குகிறோம், ஒரு துண்டுக்கு நான் ஆகவில்லை. அன்று டீக்கடையில் இரண்டு பேரிடம் சொன்னேன். அந்த இரண்டு பேரும் சும்மா இருப்பவர்கள் அல்ல.

திங்கட்கிழமை காலை ஜெபத்தில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, வயிற்றையே பெரிதாக நினைத்து, கடைவீதியில் நின்று பேசுகிறவர்களை நீர் மன்னியும்” என்றார்.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. நேரில் பேசத் தயங்குகிற எதையும் நாங்கள் ஆண்டவர் வழியாகச் சொல்லிவிடுவோம். ஜெபத்தை நடுவில் நிறுத்த யாருக்கும் துணிச்சல் வராது, எதிர்த்துப் பேசவும் முடியாது. செவ்வாய்க்கிழமை ஜெபம் என்னுடையது. “ஆண்டவரே, முகம் பார்த்துப் பரிமாறுகிற கைகளை நீர் பரிசுத்தப்படுத்தும்” என்றேன். கட்டடம் அலுவலக அறைப் பக்கம் மட்டும் தரையோடு ஒட்டிக்கொண்டது. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம்தான் நிற்போம். பிள்ளைகள் சரிவில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள்.

புதன்கிழமை டீச்சர் என் கையெழுத்துக்காகவும் ஜெபித்தார். நான் சளைத்தவனா? வியாழக்கிழமை அவருடைய சமையலுக்காக ஜெபித்தேன். இப்படியே வாரங்கள் போயின. ஒரு நாள் சமாதான நேரத்தில் ஒரு பிள்ளைகூட இடத்தை விட்டு அசையவில்லை. எல்லாரும் கண்ணை மூடி நின்றார்கள். “ஆண்டவரே, என் பென்சில் டப்பாவைத் திறந்த ஜெனோவை மன்னியும்” என்றாள் அபிஷா. “ஆண்டவரே, கோள் சொல்லுகிற அபிஷாவுக்கு நல்ல புத்தி தாரும்” என்றான் ஜெனோ. வரிசை வரிசையாக ஒருவரையொருவர் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார்கள். அன்று பள்ளி எழும்பவே இல்லை. மறுநாள் நாலு விரற்கடை மண்ணுக்குள் இறங்கியிருந்தது. வாசற்படியில் ஒரு படி குறைந்தது.

அன்று மாலை குளத்துக் காவலர் சைக்கிளில் வந்தார். “குளம் முட்ட நிக்கி. நாளைக்குக் காலைல மறுகால் விழும், சார். ஸ்கூலத் தூக்கிருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கேஸ் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோலத்தான் சொன்னார்.

சுண்ணாம்புச் சுவர் ஒரு நாள் வெள்ளம் தாங்காது. கட்டடம் போனால் பிள்ளைகளை டவுன் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பள்ளிக்கு மூன்று மாடி உண்டு, ஒரு நாளும் எழும்பியதில்லை.

காலையில் பெற்றோர் கரையில் வரிசையாக நின்றார்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பாமல் இருக்க முடியாது. அவர்கள் பாடாமல் எதுவும் எழும்பாதே. மற்ற நாட்களில் பாட்டிலேயே லேசாக அசைகிற கட்டடம் அன்று பாட்டு முடிந்தும் அசையவில்லை. வசனம் வாசித்தோம், அசையவில்லை. மேற்கே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வாசலில் ஈரம் ஊறி வந்தது.

வெள்ளிக்கிழமை ஜெபம் பிள்ளைகளின் முறை. அன்றைக்கு ஒன்றாம் வகுப்பு முத்துலட்சுமி. அவள் வீட்டில் கும்பிடுவது சுடலைமாடனை, எங்களிடம் வந்தால் ஆண்டவரிடமும் நன்றாகவே பேசுவாள். கைகூப்பிக் கண்ணை இறுக்கி மூடினாள்.

“ஆண்டவரே, சாருக்குக் கறி போடாத டீச்சர மன்னியும். கறிக்காக மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க சாரையும் மன்னியும். எனக்கு நீச்சல் தெரியாது.”

அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆமெனும் சொல்லவில்லை. தண்ணீர் அவள் கால்விரலைத் தொட்டது.

நான் கண்ணைத் திறந்தேன். ஜெபத்தின் நடுவில் கண் திறப்பது எங்கள் பள்ளியில் பெரிய குற்றம். எதிரே நேசமலர் டீச்சரும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்” என்றார். ஆண்டவரே என்று தொடங்கவில்லை. “அன்னைக்கு வாளியில கறி தீந்துபோச்சு. எங்க அண்ணன் மவனுக்கு விழுந்ததுதான் கடைசி. உங்ககிட்ட இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. கெழங்கப் போட்டுட்டு ஓடிட்டேன்.”

“கறி கெடக்கட்டும் டீச்சர்” என்றேன். “என் மொகத்தப் பாக்காமப் போனியளே, அதத்தான் என்னால தாங்க முடியல. கடையில போயிப் பேசினது தப்பு. அத உங்ககிட்ட வந்துல்லா கேட்டுருக்கணும்.”

“அடுத்த அசனத்துல உங்களுக்குத்தான் மொதல்ல.”

“வேண்டாம் டீச்சர். தீந்துபோச்சுன்னு சொல்லுங்க, போதும்.”

அலுவலக அறைப் பக்கம் மண்ணை விடுகிற சத்தம், பல் பிடுங்குவதுபோலக் கேட்டது. பிள்ளைகளும் கண்ணைத் திறந்தார்கள். அபிஷா பென்சில் டப்பாவை ஜெனோவிடம் நீட்டி, நீயே திறந்து பாரு என்றாள். எல்லாரும் அங்குமிங்கும் ஓடினார்கள். டீச்சர் முத்துலட்சுமியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“ஆமென்” என்றாள் முத்துலட்சுமி.

பள்ளி எழும்பியது. முழங்கால், இடுப்பு, ஆள் உயரம் எல்லாம் தாண்டி, கரையில் நின்ற பெற்றோரின் தலைக்கு மேல் போய் நின்றது. அடியில் வெள்ளம் சுழித்து ஓடியது. யாரோ ஒருவர் கரையிலிருந்து, “பனந்தடி எட்டாது சார், ஏணியப் போடுங்க” என்று கத்தினார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு ஏழாம் வாய்ப்பாடு நடத்தினேன்.

அந்த மாதம் நன்றாகப் போனது. மாலைதோறும் ஜெபித்துவிட்டு ஆமெனை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். கிறிஸ்துமஸ் கழிந்து, தண்ணீர் வடிந்த பிறகு எல்லாருமாகச் சேர்ந்து ஆமென் சொன்னோம். பள்ளி மெதுவாக இறங்கிப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. காணாமல் போன படியும் திரும்ப வந்துவிட்டது.

மறுநாள் காலை ஒன்றாம் வகுப்பு முன்வரிசைப் பலகையில் கெண்டை மீன்கள் உட்கார்ந்திருந்தன. ஒரு மாதமாகத் தரைக்கு அடியில் நின்று பாட்டுக் கேட்டவை. முத்துலட்சுமி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. “எல்லாரும் கண்ண மூடுங்க” என்றார் நேசமலர் டீச்சர். பிறகு முன்வரிசையைப் பார்த்தார். மீன்களுக்கு இமை இல்லை.

“மூட முடியாதவங்க தெறந்தே வச்சுக்கிடலாம்” என்றார். அவரும் மூடவில்லை, நானும் மூடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ஜெபித்தோம்.

பள்ளி எழும்பியதும் முத்துலட்சுமி சிலேட்டு நனையாமல் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, நீச்சலுக்கு முதலில் கையை வீசணுமா, காலை உதைக்கணுமா என்று பக்கத்துக் கெண்டையிடம் கேட்டாள். பாடம் முடியட்டும் என்றது கெண்டை.