ருசி பார்க்கப் போனவன்

எனக்குக் கோபம் அதிகம், வாய்க்கொழுப்பு அதைவிட அதிகம். இரண்டும் சேர்ந்து ஒருநாள் என்னை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தன என்பதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். இப்போதும் வெட்கம்தான்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். அதைக் கொண்டாட மலாக்காவில் பெரிய பொருட்காட்சி நடத்த ஏற்பாடாயிற்று. திடலில் அத்தாப்புக் கூரை போட்டு மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று பகுதி. எங்கள் பகுதிக்கு ஜவுளிக்கடை முதலாளி ராஜரத்தினம் தலைவர். அவர் கடையில் கணக்கெழுதும் கிராணியான நான், மாணிக்கவாசகம், செயலாளர். அந்த ஒரு மாதம் நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால், சுதந்திரத்தை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

ஜூலை முடிவதற்குள் எல்லாக் கடைகளும் போய்விட்டன. சாப்பாட்டுக்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு கடை மட்டும் பாக்கி. அதைக் கேட்டு வந்தவள் சாரதாம்பாள், காஜா பேராங் செட்டிக் கம்பத்துக்காரி. அந்தக் கிராமத்துச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்னால் மலாக்காவில் குடியேறி, தமிழ் மறந்து மலாய் பேசுகிறவர்கள். மலாய்க்காரி மாதிரி கெபாயாச் சட்டை, சாரோங், நெற்றியில் விபூதி. புருஷன் துறைமுகத்தில் வேலை பார்த்தவன், ஆறு மாதத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டான். ஏழு வயதில் ஒரு மகள். தலையில் கூடையைச் சுமந்து தெருத்தெருவாகப் பலகாரம் விற்கிறாள். இந்தப் பத்து நாள் வியாபாரம் கிடைத்தால் ஓர் இடத்தில் உட்கார்ந்து பிழைத்துக்கொள்வேன் என்றாள். இத்தனையும் மலாயில்.

"பேரு சாரதாம்பாள். வாயிலே ஒரு வார்த்தை தமிழ் வராதா?" என்று தமிழில் கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் பக்கம் திரும்பி, "பேரு மட்டும்தான் நம்மது, மத்ததெல்லாம் யாரோடதோ," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். என்னமோ நல்ல வார்த்தை சொல்லிவிட்டேன் என்று நினைத்து அவளும் கூடச் சிரித்தாள்.

இந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து ருசி பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று மலாயில் சொல்லி அனுப்பினேன். எந்த நாள் என்று சொல்லவில்லை. தினமும் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும் என்ற திமிர்.

புதன்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. குரல் கொடுத்தேன், பதில் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனால், கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் தலைவாழை இலை. ஆவி பறக்கும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, மீன் சம்பல், இரண்டு மூன்று பலகாரம். பழக்காலம் என்பதால் டுரியான் சுளை, மங்குஸ்தான், ரம்புத்தான். பக்கத்தில் ஒரு கிளாஸ் நிறைய ஸ்டவுட் பீர், ஒரு சுருட்டு. குத்துவிளக்கு எரிந்தது, சாம்பிராணி மணத்தது.

செயலாளர் வருகிறார் என்று விளக்கேற்றி வரவேற்கிறாள் என்று நினைத்தேன். ஸ்டவுட்டைப் பார்த்ததும், பரவாயில்லையே, ஆளைக் கவனிக்கவும் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சுருட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன்.

பாதி இலை காலியானபோது பின்பக்கத்திலிருந்து சாரதாம்பாளும் மகளும் வந்தார்கள். பின்கட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"அம்மா, அது அப்பாவோட இலை," என்றாள் சிறுமி. மலாயில்தான். எனக்குத்தான் மலாய் தெரியுமே.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இலைக்கு நேர் எதிரே சுவரில் அவள் புருஷன் படம், மாலையோடு.

படையல்! எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு இதே போலத்தான் செய்வோம். அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, விளக்கேற்றி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுக் கொல்லையில் போய் நிற்போம். வேறு எந்தத் தமிழன் வீட்டில் இந்த இலையைப் பார்த்திருந்தாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கும்பிட்டிருப்பேன். கெபாயா போட்டவள் வீட்டில் படையல் இருக்கும் என்று என் மண்டைக்கு ஏறவில்லை.

சாரதாம்பாள் மகளின் வாயைக் கையால் பொத்தினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும், "மாக்கான், என்சே, மாக்கான்," என்றாள். சாப்பிடுங்கள் ஐயா என்று எனக்கு உபசாரம்.

எழுந்து அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. எழுந்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று, ஒன்றும் தெரியாதவன் மாதிரி மிச்சத்தையும் சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளத்தையும் ஸ்டவுட்டை ஊற்றி இறக்கினேன். சம்பல் நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அந்தச் சிறுமி சத்தமில்லாமல் அழுதுகொண்டே நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டம். ராஜரத்தினம் கேட்டார்:

"என்ன மாணிக்கம், அந்தம்மா வீட்டுக்குப் போனியா? இது இந்தியர் பகுதியாச்சே, நம்ம வழக்கம் ஏதாச்சும் வச்சிருக்காங்களா? இருந்தா கொடுத்திருவோம். இல்லேன்னா தம்பிராஜா முறுக்குக் கடை போடறேங்கிறான்."

மனுஷர் நல்ல மனசோடுதான் கேட்டார். புருஷனுக்குப் படையல் போட்டிருந்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை அவளுக்கு. ஆனால் அப்புறம் நீ எந்த இலையில் ருசி பார்த்தாய் என்று கேட்பார்கள். அதற்கு மேல் என்ன சொல்வது? செத்தவன் இலையில் தின்ற செயலாளர் என்று கடைத்தெருவே சிரிக்கும். எனக்கு என் மானம் பெரிதாகப் போயிற்று.

"சமையல் பரவாயில்லைங்க. மத்தபடி நம்ம வழக்கம் எதுவும் கண்ணுலே படலே," என்றேன்.

கடை தம்பிராஜாவுக்குப் போயிற்று.

பொருட்காட்சி தொடங்கிய அன்று நல்ல கூட்டம். முறுக்குக் கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எதிரே சாரதாம்பாள், கையில் மகளைப் பிடித்துக்கொண்டு. நகர்ந்துவிடப் பார்த்தேன், முடியவில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. என் பக்கம் நெருங்கி, மகளுக்குக் கேட்காதபடி மலாயில் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் புள்ளை அழுதுச்சு, என்சே. அப்பா பசியோட திரும்பிப் போயிட்டாருன்னு. நான்தான் சொன்னேன், அப்பா பசியோட போகலே, தனக்குப் பதிலா அவர்தான் என்சேயைச் சாப்பிட அனுப்பினாரு, நமக்குக் கடை கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்காருன்னு. அதுக்கப்புறம்தான் தூங்குச்சு. இப்போ காலையிலேருந்து ஒவ்வொரு வரிசையா இழுத்துக்கிட்டுப் போகுது, எது நம்ம கடைன்னு கேட்டு. நான் என்ன சொல்றது?"

அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அம்மாவின் கையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து, எது அவர்கள் கடை என்று நான் காட்டுவேன் என எதிர்பார்த்து நின்றாள்.