பிலோமினம்மாளின் சப்பரம்

திருவிழாவுக்கு முந்தின நாள், கோவிலின் சாமான் அறையில் பிலோமி ஒரு சுரூபத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் நங்கூரம் பிடித்த சிறுமி, புனித பிலோமினம்மாள். சில வருடங்களாக அவள் ஊர்வலம் போகவில்லை. அந்தோணியார் சப்பரம் போகும், மிக்கேல் சம்மனசு போகும். இவளைத் தூக்க ஆளில்லை. ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் திருப்பூரில், மீதிப் பேர் சிங்கப்பூரில்.

இந்தப் புனிதையின் திருநாளன்று யாரோ மடத்து வாசலில் விட்டுப்போன குழந்தைதான் பிலோமி. கன்னியர்கள் அந்தப் பெயரையே வைத்து வளர்த்தார்கள். மடத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்ந்துவிட்டாள். உறவென்று சொல்ல இந்தச் சுரூபம்தான்.

புதிதாக வந்த பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள்.

“எங்க பிலோமினம்மாளைத் திருச்சபைக் காலண்டர்லேருந்து எடுத்துட்டாங்களாமே சாமி. அதான் சப்பரம் போகலைங்களா?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கம்மா. ரோமாபுரியில ஒரு நிலத்தடிக் கல்லறையில சின்னப் பொண்ணோட எலும்பு கெடைச்சுது. கல்லறையை மூடியிருந்த ஓட்டுல பேரும் நங்கூரமும் இருந்துச்சு. வேற எதுவும் தெரியலை. அதனால அறுபது வருசத்துக்கு முன்னாடியே திருநாளை எடுத்துட்டாங்க. கும்பிடக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. தூக்க நாலு பேரைக் கூட்டியாங்க, தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சு அனுப்புறேன்.”

“அவளும் யாரு பெத்ததுன்னு தெரியாத புள்ளையா சாமி?”



பிலோமி வீடு வீடாகப் போனாள். பல வீடுகளில் பூட்டு. திறந்திருந்த வீடுகளில் முட்டிவலி. கடைசியில் பக்கத்து வீட்டு மலையாண்டி, குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன், சிரித்தான்.

“கருப்பருக்கே தோள் குடுத்த ஆளு நான், அக்கா. ஒங்க சாமி சின்னப் புள்ளதானே, என்ன கனம் இருக்கப்போகுது?”

“தேக்குச் சப்பரம்டா.”

“அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?”

மறுநாள் சாயங்காலம் தன் மச்சான்கள் பிரசாந்தையும் வெற்றிச்செல்வனையும் கூட்டிவந்தான். அவனையும் சேர்த்து மூன்று பேர்தான். அந்தோணியார் சப்பரம் கிளம்பிவிட்டது. கொட்டுச் சத்தம் தூரமாய்ப் போனது. பிலோமி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் வரவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டு, நாலாவது மூலையில் போய் நின்றாள்.

“பொம்பளை தூக்குறதா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். சாமியார் சப்பரத்தின் மேல் தீர்த்தம் தெளித்தார்.

தூக்கியதும் சப்பரம் குட்டையான பிலோமியின் பக்கம் சாய்ந்தது. பூக்கள் சரிந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“டேய், முட்டியை மடக்குங்கடா! அக்கா ஒசரத்துக்கு வாங்க,” என்றான் மலையாண்டி.

“தவளையாட்டம் நடக்கணுமா மச்சான்?”

“நடறா. விழுந்தா ஒன் மண்டையிலதான் விழும்.”

கோவில் தெரு முழுக்க மூன்று ஆண்களும் முட்டி மடக்கியே நடந்தார்கள். சப்பரம் நேராகப் போனது. வாசல்களிலிருந்து நேர்ச்சையாக உப்பும் மிளகும் வந்து விழுந்தன. கடவுள் பெரிய பலத்தைக் கேட்பதில்லை; கொஞ்சம் குனியத் தெரிந்தால் போதும்.

எல்லாம் முடிந்ததும் தொடையைத் தேய்த்துக்கொண்டே அவர்கள் சாப்பிடப் போனார்கள். பிலோமி வீட்டைத் திறந்தாள். வழக்கம்போல உள்ளே யாரும் இல்லை. தோள் கன்றிப்போயிருந்தது. தைலத்தைக் கையில் எடுத்தவள், அந்த வலி இருக்கட்டுமென்று தடவாமலே திரும்ப வைத்துவிட்டாள்.