உங்களுக்குப் பதிலாகக் காத்திருப்போம்

என் வீட்டுக்காரருக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. பஸ் கிளம்புகிறது என்று நான் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடுவேன். அவர் பின்னால் நடந்து வந்து, அடுத்த பஸ் வரும் என்பார். வரவும் வரும். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். சின்ன வயதிலேயே என் அண்ணன் எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்துவிட்டான். தெருவில் அவருக்கு நிதானம் சார் என்று பெயர். எங்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தவர்கள் எந்த யோசனையில் இருந்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு, சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று கிளம்பினோம். முதலில் டீக்கடை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே நல்ல இடம். டீத்தூள் நன்றாக இறங்கட்டும் என்று இவர் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்குள் டீ கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார். அடுத்தது ஜெராக்ஸ் கடை. ஒருவர் பத்திரத்தை நீட்டினால், இவர் முழுவதையும் படித்துவிட்டு, மூன்றாவது பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, போட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார். போனவர் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டோம்.

என் அண்ணன் மேஜை, நாற்காலி, சோபா விற்கிற பெரிய கடை வைத்திருக்கிறான். ஒருநாள் இவரை அங்கே நிறுத்திப் பார்த்தான். சோபா வாங்க வந்த கணவன் மனைவியிடம் இவர், "வீட்டுல இடத்தை அளந்துட்டு, நல்லா யோசிச்சு அடுத்த வாரம் வாங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பியிருக்கிறார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் தங்கை வாழ்க்கையாயிற்றே. விற்பனை பார்க்கிற ஆள் மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போகிறார், ஒன்றாம் தேதியிலிருந்து மாப்பிள்ளை வரட்டும், பேசுவதற்கு நான் பழக்கிக்கொள்கிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் போட வேண்டும், முடிவைச் சொல்லுங்கள் என்றான்.

நான் சரி என்று சொன்னால் இவரும் சரி என்பார். அந்தக் கடைக்குப் போனால் மனுஷன் உள்ளுக்குள்ளேயே வாடிப்போவார் என்பதும் எனக்குத் தெரியும். சம்பளமும் வேண்டும், அவர் முகமும் வாடக்கூடாது. இதை நினைத்து நினைத்து நான் பாத்திரங்களைத்தான் போட்டு உருட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் மாடி வீட்டு நர்சம்மாவின் துணி துவைக்கிற மிஷின் ரிப்பேரானது. பழுது பார்க்கிறவர் காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வருவாராம். நர்சம்மாவுக்கோ லீவு கிடைக்காது. படிக்கட்டில் நின்று புலம்பிக்கொண்டிருந்தவரிடம் இவர், "சாவியைக் குடுத்துட்டுப் போங்க, நான் உக்காந்திருக்கேன்" என்றார்.

உட்கார்ந்தார். மெக்கானிக் வந்தது வெயில் இறங்கிய பிறகு. அவர் ஏதோ ஒரு குழாயை மாற்றிவிட்டு, முடிந்தது சார் என்று பையைத் தூக்கியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் விட்டால் போதும் என்று அனுப்பியிருப்பார்கள். இவர், "துணியைப் போட்டு முழுசா ஒரு தடவை ஓடட்டுமே" என்று அவருக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார். கடைசிச் சுற்றில் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி பிரித்து, ஒழுங்காகச் செய்துவிட்டுப் போனார். நர்சம்மா இவர் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் சட்டைப்பையில் பணத்தைத் திணித்தார். இந்த வேலைக்கு ஆள் கிடைத்தால் ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னார்.

அன்றைக்கு இவர் சாப்பாட்டின் நடுவில் நிமிர்ந்து, "எனக்கு வர்றது இது ஒண்ணுதான். இதையே செஞ்சா என்ன?" என்றார்.

சும்மா உட்காருவதற்கு எவன் காசு கொடுப்பான் என்று நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மறுநாள் ஒரு பலகையில், 'உங்களுக்குப் பதிலாகக் காத்திருப்போம்' என்று அழகாக எழுதி, கீழே போன் நம்பரைப் போட்டு ஜன்னலில் மாட்டினார்.

முதலில் நர்சம்மாவின் தோழிகள் கூப்பிட்டார்கள். பிறகு இன்டர்நெட் இணைப்புக்கு ஆள் வரவேண்டிய ஒருவர், தாலுகா அலுவலக வரிசையில் நிற்க நேரமில்லாத தையல்கடைக்காரி. இவர் ஒரு தண்ணீர் பாட்டிலும் மடக்கு நாற்காலியுமாகப் போவார். சாயங்காலம் திரும்பி வரும்போது முகம் அப்படித் தெளிந்திருக்கும். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வாய் விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வேலை வாரத்துக்கு இரண்டு மூன்றுதான் வந்தது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பெரிய பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் கூப்பிட்டார். புது ஃபிரிட்ஜ் வருகிறது, நன்றாகச் செய்தால் எங்கள் டீச்சர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன் என்றார். அதே நாளில் இவருக்கு வேறு வேலை இருந்தது. உட்காருவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, நான் போகிறேன் என்று கிளம்பினேன்.

அந்த வீட்டில் கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அலமாரியைத் துடைத்தேன். சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி வைத்தேன். வண்டிக்காரருக்கு விடாமல் போன் போட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். அவர் கடுகடுவென்று வந்து ஃபிரிட்ஜை இறக்கினார். சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டிக் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, ஒரே நாளில் முதலாளி ஆகிவிட்ட நினைப்பில் வீட்டுக்கு வந்தேன்.

டீச்சர் சாயங்காலமே போன் செய்தார். ஃபிரிட்ஜின் கதவு சுவர்ப் பக்கம் திறக்கிறதாம். ஒரு சாண் திறந்ததும் சுவரில் இடித்து நிற்கிறதாம், உள்ளே ஒரு முட்டையைக்கூட வைக்க முடியவில்லையாம். போதாததற்கு உப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்றே தெரியவில்லையாம். "நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அவசரத்தால் அவருக்குப் பொருந்தி வந்த ஒரே தொழிலையும் நானே கெடுத்துவிட்டேன். அண்ணன் கடைக்கே போய்விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "கதவுதானே, மாத்தி மாட்டலாம்" என்றார்.

மறுநாள் டீச்சர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டு, சாவி வாங்கி உட்கார்ந்தார். என்மேல் இருந்த கோபத்தில், ஃபிரிட்ஜை இறக்கிய அந்த ஆள் கூப்பிட்டும் வரவில்லை. அடுத்த நாளும் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அவர் வந்தார். இவர் அவரைக் கேள்வி கேட்கவில்லை. முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கதவைக் கழற்றி மறுபக்கம் மாட்டிய பிறகும் கிளம்பாமல், தட்டில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டி ஆகிறவரை காத்திருந்தார். அந்த நேரத்தில் டப்பாக்களையும், டீச்சரிடம் போனில் கேட்டுக் கேட்டு, பழைய இடத்திலேயே வைத்தார். டீச்சர் வீடு திரும்பியபோது மேஜையில் ஐஸ் மிதக்கிற ஒரு டம்ளர் தண்ணீர் இருந்ததாம்.

டீச்சர் சொன்னபடியே ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் போன் ஓயவில்லை. அந்த வாரம் முழுவதும் ஒருநாள்கூட இவர் சும்மா இல்லை. இப்படியே போனால் சம்பளம் மாதிரியே வந்துவிடும் என்று என் மனக்கணக்கு சொன்னது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

முடிவு கேட்க அண்ணன் வந்தபோது இவர் ஒரு வீட்டில் குழாய்க்காரருக்காக உட்கார்ந்திருந்தார். வருகிறவரை இரு என்று டீ கொடுத்தேன். அண்ணன் குடித்தான். எழுந்தான். ஜன்னலைப் பார்த்தான். போனை எடுத்தான், வைத்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம்தான் ஆகும், பட்டாசு?"

"உன்னால அரை மணி நேரம் உக்கார முடியல அண்ணா. அவர் நாள் பூரா சிரிச்ச முகமா உக்கார்றார். அவர் உன் கடைக்கு வரமாட்டார். நான்தான் சொல்றேன், வரவேண்டாம்."

அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டு இருந்தான். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வீட்டுக்குத் தச்சர் மூன்று வாரமாக இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்கிறார், மாப்பிள்ளைக்குப் புதன்கிழமை ஒழியுமா என்று கேட்டான்.

"கேட்டுச் சொல்றேன். அவர் ரொம்ப பிஸி" என்றேன். இந்த வார்த்தையைச் சொல்ல நான் எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன்.

இவர் திரும்பியபோது நன்றாக இருட்டிவிட்டது. சாப்பாடு ஆறிப்போய் மேஜையில் இருந்தது, இரண்டு தட்டும் கவிழ்த்தபடியே. எனக்குப் பசித்தால் யாருக்காகவும் பொறுக்கமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

"நீ இன்னும் சாப்பிடலையா?"

"உங்களுக்காகக் காத்திருந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாக உட்கார்ந்தார். பிறகு சட்டைப்பையைத் தடவிக்கொண்டே, "அப்ப உனக்கு நான் எவ்வளவு தரணும்?" என்றார்.