பயந்தேன் என்று சொன்னால் என்ன

ராய்ஸ் என் அக்காள் ஜானீனின் புருஷன். வங்கிப் பணம் ஏற்றிச் செல்லும் வண்டியில் காவலுக்குப் போகிறான். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை போனால் அந்த வேலை போகும். வேலை போனால் அதோடு வரும் மருத்துவ இன்ஷூரன்ஸ் போகும். ஜானீனுக்கு அடுத்த மாதம் முதுகில் ஆபரேஷன். இது அவனுக்குத் தெரியாத விஷயமில்லை.

சனிக்கிழமை காலை. நைட் ஷிஃப்ட் முடிந்து படுக்கப் போன என்னைப் பெயின்ட் வாங்க இழுத்துக்கொண்டு போனான். பாலைவன ஊரான டூசானில் ஆகஸ்ட் மாதம் மனிதர்கள் கடை வாசலுக்கு அருகில் இடம் தேடுவதில்லை, மர நிழலில்தான் தேடுவார்கள். அன்று ஒரு நிழல்தான் காலியாக இருந்தது. இன்னொருவன் அதற்குக் காத்திருந்தான். ராய்ஸ் எங்கள் வண்டியைக் குறுக்கே நுழைத்து நிறுத்திவிட்டு இறங்கினான்.

காத்திருந்தவன் தன் பிக்கப் வண்டியிலிருந்து டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு வந்தான்.

"வண்டிய எடுக்கிறியா, மண்டைய பொளக்கவா?"

ராய்ஸின் முதுகுக்குப் பின்னால் சுவர். கம்பி உயர்ந்தது. ராய்ஸ் சட்டையைத் தூக்கி இடுப்பில் இருந்த துப்பாக்கியைக் காட்டினான். அவ்வளவுதான், கம்பி இறங்கியது. வந்தவன் திரும்பாமல் பின்பக்கமாகவே அடிவைத்துத் தன் வண்டிக்குப் போனான். ராய்ஸால் சட்டையைச் சரியாக இறக்கிவிட முடியவில்லை. கை அப்படி நடுங்கியது.

"இப்பவே போலீஸுக்கு போன் போடு," என்றேன்.

"எதுக்கு? ஒண்ணும் நடக்கலையே."

"துப்பாக்கிய காட்டிருக்க. நீ முதல்ல கூப்பிட்டா நீ புகார் குடுத்தவன். அவன் முதல்ல கூப்பிட்டா?"

"ராத்திரி பூரா பெட்டி அடுக்குற நீ எனக்கு சட்டம் சொல்றியா, மாப்ள? வா, வெயில் ஏறுது."

கடைக்குள் போய் இரண்டு வெள்ளைப் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே நின்றான். எனக்கு இரண்டும் ஒரே வெள்ளை. மறுபடி போன் விஷயத்தைச் சொன்னேன். ரோலர் எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

வெளியே வந்தபோது எங்கள் வண்டியை மறித்துப் போலீஸ் கார் நின்றது. பிக்கப்காரன்தான் கூப்பிட்டிருந்தான். துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்ட பெண் போலீஸ் நிதானமானவள். கம்பியை ஏற்கெனவே அவனிடமிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.

"அவர் கம்பிய ஓங்கினப்போ உங்களுக்கு பயமா இருந்துச்சா, சார்?"

இந்த ஊரில் தப்பிக்க இருக்கிற வாசல் அது ஒன்றுதான். அடி விழும் என்று நிஜமாகப் பயந்து துப்பாக்கியைக் காட்டினால் தற்காப்பு. வேறு எதற்காகக் காட்டினாலும் மிரட்டல். ராய்ஸ் துப்பாக்கி உரிமத்துக்காக இதை வகுப்பில் உட்கார்ந்து படித்தவன். நன்றி சொல்லும் விருந்தன்று வான்கோழியை வெட்டிக்கொண்டே எங்கள் எல்லோருக்கும் இதைப் பாடம் நடத்தியவன்.

"பயமா? அவனப் பாத்தா?" என்று சிரித்தான்.

அவள் விடவில்லை. "நல்லா யோசிச்சு சொல்லுங்க. அடிச்சிடுவாருன்னு தோணுச்சா?"

"அவனால என்னைய அடிக்க முடியுமா, மேடம்? பாருங்க அவன."

"அப்போ ஏன் காட்டினீங்க?"

"அடங்கட்டும்னு."

அவள் பேனாவை மூடினாள். நான் முன்னால் போனேன்.

"பயந்தான், ஆபீசர். நான் பக்கத்துல நின்னேன். கை கிடுகிடுன்னு ஆடுச்சு."

"அவன் பேச்ச எடுத்துக்காதீங்க," என்றான் ராய்ஸ். "ராத்திரி தூங்கல அவன். காலேஜ பாதில விட்டவன் வேற."

"உன் பொண்டாட்டிக்கு ஆபரேஷன்டா, மடையா. ஒரு வார்த்தை. பயந்தேன். சொல்லித் தொலை."

பிக்கப்காரன் தன் வண்டியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ராய்ஸ் அவனைப் பார்த்தான். பிறகு கைகளைத் தானாகவே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நான் எதுக்கும் பயப்படல," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

விலங்கு பூட்டிக் காரில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. குனிந்தேன். வக்கீல் பெயர் சொல்வான், முதலாளியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பான் என்று நினைத்தேன்.

"கை நடுங்குச்சுன்னு சொன்னியே," என்றான் மெதுவாக. "ஜானீன்கிட்ட அத சொல்லாத."

கார் போய்விட்டது. என் பையில் போன் அடித்தது, ஜானீன்தான். எடுத்தேன்.

"அவன் பயந்துட்டான்," என்றேன். "முதல்ல அத தெரிஞ்சுக்க. மத்தத அப்புறம் சொல்றேன்."