பெரிய மாப்பிள்ளையின் சாட்சியம்

மாமியார் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு மேசை விசிறி. பெரிய மாப்பிள்ளை வந்தால் அது பாட்டுக்குச் சுவரைப் பார்த்துச் சுற்றும். சின்ன மாப்பிள்ளை வந்தால் உடனே அவர் பக்கம் திரும்பிவிடும். "வக்கீலுக்கு வேர்க்குது பாருங்க" என்பாள் மாமியார். பெயிண்ட் கம்பெனிக் கோப்பறையில் பதினெட்டு வருடமாகத் தூசி தின்கிற பெரியவருக்கு வேர்க்காதா? வேர்த்தது. வயிறும் சேர்ந்து எரிந்தது.

வக்கீல் சகலை இப்போது வழக்குப் போட்டிருப்பதே அந்தக் கம்பெனி மேல்தான். கழிவு இறங்கிப் பின்தெருக் கிணறுகள் கெட்டுவிட்டன, குழந்தைகள் நோயில் படுத்துவிட்டன என்று வழக்கு. தண்ணீர்ப் பரிசோதனைக் கோப்புகள் மொத்தத்தையும் ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. எடுத்துக் கொடுக்க வேண்டியவர் நம் பெரியவர்.

நாற்பத்தொரு கோப்புகளைக் கொடுத்தார். எல்லாவற்றிலும் தண்ணீர் சுத்தம். உண்மையான அளவுகள் ஆய்வகத்தார் கைப்பட எழுதிய ஒரு பழைய நோட்டில் இருந்தன. அப்படி ஒன்று மிஞ்சியிருப்பது மேனேஜருக்கே தெரியாது. 'இது கிடைச்சா அவன் போட்டோ பேப்பர்ல வரும், அப்புறம் மாமியாரைக் கையில பிடிக்க முடியாது' என்று நினைத்தார் பெரியவர். நோட்டை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்கிற ரகம்.

சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்தார். "கோப்பு மொத்தமும் இவ்வளவுதானா?" என்று சகலை கேட்டார்.

"இவ்வளவுதாங்க."

சகலையின் முகம் செத்துப்போனது. சின்ன மாப்பிள்ளை வாதாடுவதைப் பார்க்க வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமியார் முகமும் சுண்டியது. பெரியவருக்கு உள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி.

அப்போது பின்தெருப் பெண் ஒருத்தி, மடியில் குழந்தையோடு, இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "அப்ப அந்தத் தண்ணியவே இவனுக்குக் குடுக்கலாங்களாய்யா?"

நீதிபதி அவளை அதட்டினார். ஆனால் கேள்வி பெரியவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. குடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"வேணாம்மா" என்றார். "இன்னொரு நோட்டு இருக்குங்க. என் வீட்டு பீரோவுல."

சகலை துள்ளி நிமிர்ந்தார். "மறைக்கச் சொன்னது யாரு? மேனேஜரா?"

ஆமாம் என்றால் தீர்ந்தது, ஊரே நம்பும். சகலையின் வெற்றியும் இரட்டிப்பாகும். அதைப் பொறுக்க மாட்டாமல் சொன்னாரோ, செய்த சத்தியத்துக்குப் பயந்து சொன்னாரோ, அவருக்கே தெரியாது.

"யாரும் சொல்லலைங்க. நீங்க ஜெயிச்சிடக் கூடாதுன்னு நானேதான் ஒளிச்சேன். பொறாமைங்க."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் கை நின்றது.

"அடிங்கம்மா" என்றார் நீதிபதி. "அவர் சொன்ன வார்த்தையிலேயே அடிங்க."